மீட்டெடுத்த விக்டோரிய வீடா, மீட்க வேண்டிய வீடா, புது வீடா? கபேஜ்டவுனில் வாங்க நினைப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

ரொறன்ரோவின் கபேஜ்டவுன் பகுதியில் வீடு பார்க்கிறவர்கள் என்னிடம் கொண்டுவரும் கேள்வி பெரும்பாலும் ஒரே வடிவில்தான் இருக்கிறது. யாரோ ஏற்கெனவே பழுது நீக்கி அழகுபடுத்திய விக்டோரிய வீட்டை வாங்குவதா, அதே தெருவில் கூரை ஒழுகிக்கொண்டு விலை குறைந்து நிற்கும் வீட்டை வாங்கி நாமே மீட்டெடுப்பதா, இந்தத் தொல்லை எதுவும் வேண்டாம் என்று ரொறன்ரோவுக்கு வடகிழக்கே உள்ள மார்க்கம் நகரில் புது வீட்டுக்குப் போய்விடுவதா? "மூன்றையும் பார்த்துவிட்டோம் அண்ணை, மூன்றும் பிடித்திருக்கிறது, அதுதான் பிரச்சினை" என்று ஒரு தம்பதி சொன்னார்கள். நான் வீட்டுத் தரகன் அல்லன். செயின்ட் ஜேம்ஸ் டவுன் மாடிக் கட்டடம் ஒன்றின் பல்கனியிலிருந்து இந்தக் கூரைகளைப் பார்த்து வளர்ந்து, பிறகு அவற்றுள் ஒன்றின் கீழ் பல ஆண்டுகளாக வாழ்கிறவன். அந்த அளவுக்கே என் சொல்லுக்கு எடை கொடுங்கள்.

இவை எப்படிப்பட்ட வீடுகள்

அயர்லாந்திலிருந்து வந்த ஏழைக் குடியேறிகள் முன்வளவில் கோவா, அதாவது கபேஜ், நட்டதால் இப்பெயர் வந்தது என்பார்கள். அந்தப் பழைய கபேஜ்டவுனின் பெரும்பகுதி, ஜெராட் தெருவுக்குத் தெற்கே, 1940களின் இறுதியில் ரீஜன்ட் பார்க் குடியிருப்புக்காக இடிக்கப்பட்டுவிட்டது. இன்று அந்தப் பெயரைத் தாங்கி நிற்பது அதற்கு வடக்கே டொன் வேல் என்று முன்பு அழைக்கப்பட்ட பகுதியாகும். இங்குள்ள வீடுகளில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் கடைசிச் சில பத்தாண்டுகளில் கட்டப்பட்டவை. ஒடுங்கிய முகப்பின் ஒரு பாதியில் நிலத்திலிருந்து இரண்டு மாடி உயரத்துக்கு வெளியே தள்ளி நிற்கும் யன்னற்கூண்டு, அதன் தலையில் கூரான முக்கோண முகடு, முகட்டு விளிம்பில் மரச்சித்திர வேலை, சிவப்புச் செங்கல்லுக்கு இடையில் மஞ்சட் செங்கல் வரிகள் என்று அமைந்த இந்த வடிவம் ரொறன்ரோவுக்கே உரியது. உள்ளூரில் இதை 'பே அண்ட் கேபிள்' என்பார்கள்.

2002இல் மெட்காஃப் தெருப் பகுதியில் தொடங்கி, கட்டங்கட்டமாக இந்தப் பகுதி ஒன்ராறியோ மரபுரிமைச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. ஆகவே இங்கு வாங்குகிறவர் வீட்டோடு சேர்த்து ஒரு கடப்பாட்டையும் வாங்குகிறார்.

எதை வைத்து எடைபோடுவது

அழகை அளவுகோலில் சேர்க்க வேண்டாம். அது ஏற்கெனவே உங்கள் மனத்தில் தன் வேலையைச் செய்துவிட்டது. அதனால்தான் பார்க்கப் போனீர்கள். எடைபோட வேண்டியவை வேறு. விலைக்கு மேல் வரும் வரிகள் எவ்வளவு என்பது ஒன்று. செலவில் எத்தனை பங்கை வீட்டுக் கடனுக்குள் அடக்கலாம், எத்தனை பங்கைக் கைக்காசாக எடுத்து வைக்க வேண்டும் என்பது இரண்டாவது; இதைத்தான் அதிகம் பேர் தவற விடுகிறார்கள். சுவருக்குள்ளும் நிலத்துக்குக் கீழும் என்ன இருக்கிறது, எதை மாற்ற யாருடைய அனுமதி வேண்டும், வயதான பெற்றோரும் சிறு பிள்ளைகளும் அந்த வீட்டில் எப்படி நடமாடுவார்கள், உங்கள் வாழ்க்கையில் எத்தனை மாதங்களை இது கேட்கும் என்பவை மற்றவை.

கணக்குக்கு வசதியாக, மீட்டெடுத்த வீடு ஒன்று 15 இலட்சம் டொலர், மீட்க வேண்டியது 11 இலட்சம் டொலர், வேலைச் செலவு 4 இலட்சம் டொலர் என்று வைத்துக்கொள்கிறேன். இவை சந்தை விலைகள் அல்ல. கணக்கு எப்படி ஓடுகிறது என்று காட்டுவதற்கான எண்கள் மட்டுமே.

முதலாவது: மீட்டெடுத்த வீடு

'மீட்டெடுத்தது' என்ற சொல்லைக் கேட்டவுடன் கேட்க வேண்டியது, எப்போது என்பதாகும். கபேஜ்டவுனுக்கு மத்தியதர வகுப்பினர் திரும்பி வந்தது 1970களில். அப்படி வந்து பழைய வீடுகளைப் புதுப்பித்தவர்களை அன்று 'வெள்ளையடிப்பவர்கள்' என்று ஆங்கிலத்தில் கேலியாக அழைத்தார்கள். அவர்கள் மீட்டெடுத்த வீடுகள் இன்று மறுபடியும் ஐம்பது வயதுக் கிழவிகள். அந்தக் காலத்தில் புதிதாக இழுத்த மின்கம்பி அலுமினியமாக இருக்கலாம். செங்கல்லின் அழுக்கைப் போக்க மணலை வீசியடித்துத் தேய்த்திருக்கலாம். சூளையில் வெந்த செங்கல்லின் வெளித்தோல்தான் அதன் உறுதியான பகுதி. அதை உரித்துவிட்டால் உள்ளிருக்கும் மென்மையான பகுதி மழைநீரைக் குடிக்கும், குளிரில் நீர் உறைந்து விரியும், ஒவ்வொரு வசந்தத்திலும் செங்கல் முகம் செதில் செதிலாக உதிரும்.

அடுத்தது சாந்து. இந்தச் சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தால் கட்டப்பட்டவை. சாந்து செங்கல்லைவிட மென்மையாக இருந்தால்தான் ஈரம் இணைப்புகளின் வழியே வெளியேறும், அசைவையும் அதுவே தாங்கிக்கொள்ளும். அந்த இணைப்புகளைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சீமெந்துக் கலவையால் அடைத்தால், பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் ஈரம் செங்கல் வழியாக வெளியேறப் பார்க்கும், உடைவதும் செங்கல்லாகவே இருக்கும். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டின் சுண்ணாம்புச் சுவருக்குச் சீமெந்து பூசி, பிறகு சுவர் முழுக்க ஊறல் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடும் சாம்பல் நிறத்தில், கத்தி முனையால் கீறினாலும் கோடு விழாத இணைப்புகளைக் கண்டால், விற்பவர் 'புதிதாகப் பூசியது' என்று சொல்வதை ஒரு குறையாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தத் தம்பதியோடு ஒரு நவம்பர் மாலையில் நான் பார்க்கப் போன வீட்டைச் சொல்கிறேன். முன்கதவின் மேல் வண்ணக் கண்ணாடி; சாயும் வெயிலில் அதன் சிவப்பு மரத்தரையில் ஒரு கைக்குட்டை அகலத்துக்கு விழுந்திருந்தது. வந்தவர்கள் எல்லாரும் அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் நிலக்கீழ் அறைக்கு இறங்கினோம். சுவர்கள் முழுவதும் புதிய வெள்ளைப் பலகை அடித்து மூடப்பட்டிருந்தன. சூடேற்றும் அடுப்புக்குப் பின்னால் மட்டும் ஓரடி அகலத்துக்குக் கற்சுவர் தெரிந்தது. கற்களுக்கு இடையே வெள்ளை உப்புப் பூத்திருந்தது. நகத்தால் சுரண்டியதும் சாந்து ஈரச் சீனி மாதிரி கையில் வந்தது. பிறகு பரிசோதகர் மேல்மாடிப் பரண் மூடியைத் தள்ளி விளக்கை அடித்தார். தூசிக்குள் இரண்டு வெள்ளைப் பீங்கான் குமிழிகள், அவற்றில் சுற்றி ஓடும் கறுப்புத் துணியுறைக் கம்பி. 'மின்னிணைப்பு முழுவதும் புதியது' என்று விற்பனைத் தாளில் இருந்தது. கீழே இருக்கும் பெட்டி புதியதுதான். அதிலிருந்து மேலே போனது பழையது. இத்தகைய குமிழிக் கம்பி இருக்கும் வீட்டுக்குப் பல காப்புறுதி நிறுவனங்கள் காப்புறுதி தர மறுக்கும், அல்லது குறித்த காலத்துக்குள் மாற்றச் சொல்லும். காப்புறுதி இல்லாமல் வங்கி கடனை விடுவிக்காது.

ஆகவே மீட்டெடுத்த வீட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் விலை உண்மையில் கடதாசிகளுக்கான விலை. கட்டட அனுமதி, மரபுரிமை அனுமதி, மின்சாரப் பரிசோதனைச் சான்று, ஈயக் குடிநீர்க் குழாயையும் களிமண் கழிவுக் குழாயையும் மாற்றியதற்கான ரசீதுகள், சுவர் திறந்திருந்தபோது எடுத்த படங்கள் ஆகியவை ஒரு கோப்பில் இருந்தால், அந்த வீட்டுக்கு அயலிலுள்ள வீட்டைவிடக் கூடுதல் விலை கொடுப்பதில் தவறில்லை. கோப்பு இல்லையென்றால், மீட்க வேண்டிய வீட்டைத்தான் நீங்கள் மீட்டெடுத்த விலைக்கு வாங்குகிறீர்கள். வண்ணக் கண்ணாடி அந்த வித்தியாசத்தை மறைக்கும்.

வரிக்கு வருவோம். ரொறன்ரோவுக்குள் வாங்குகிறவர் நில மாற்று வரியை இரண்டு முறை, மாகாணத்துக்கும் மாநகருக்கும், கட்ட வேண்டும். 15 இலட்சம் டொலருக்கு ஒவ்வொன்றும் 26,475, ஆக 52,950 டொலர். முதன்முறை வாங்குகிறவருக்கு மாகாணத்தில் 4,000, மாநகரில் 4,475 டொலர் வரை கழிவு உண்டு. வீட்டின் விலை 15 இலட்சத்தைத் தொட்டுவிட்டால், கடன் கட்டத் தவறினால் வங்கிக்கு ஈடுசெய்யும் காப்புறுதியோடு குறைந்த முற்பணத்தில் தரும் கடன் கிடையாது. 20 வீதம், அதாவது 3 இலட்சம் கையில் இருக்க வேண்டும். இன்னொன்று: பழைய வீட்டுக்குப் பொதுவாக எச்எஸ்டி எனப்படும் விற்பனை வரி இல்லை. ஆனால் வியாபாரத்துக்காக வாங்கியவர் வீட்டின் உட்பகுதியில் 90 வீதமோ அதற்கு மேலோ அகற்றிப் புதிதாக அமைத்து விற்றால், வரிச் சட்டம் அதைப் புது வீடாகவே கருதும். அந்த வரி விலைக்குள் அடக்கமா என்பதை ஒப்பந்தத்தில் எழுத்தில் வாங்குங்கள்.

இத்தனையும் சொன்ன பிறகு, இதற்கு ஒரு பெரிய நன்மை உண்டு. வேலைக்கான செலவு முழுவதும் விலைக்குள் இருப்பதால், அதை 25 ஆண்டுக் கடனாகப் பிரித்துக் கட்டலாம். சாவியை வாங்கிய அன்றே பால் காய்ச்சலாம்.

இரண்டாவது: மீட்க வேண்டிய வீடு

11 இலட்சத்துக்கு நில மாற்று வரி இரண்டும் சேர்ந்து 36,950 டொலர். முதலாவதைவிட 16,000 குறைவு. பலர் இந்தச் சேமிப்பை மட்டும் பார்க்கிறார்கள். ஆனால் ஒப்பந்தகாரர் தரும் 4 இலட்சத்துக்கான கணக்கில் 13 வீத எச்எஸ்டி சேரும். அது 52,000 டொலர். முற்பணம் குறைவாக வைத்து வாங்கலாம் என்பது உண்மைதான். சட்டப்படி 85,000 டொலர் போதும். ஆனால் வீடு வாழத்தக்க நிலையில் இல்லாவிட்டால் அந்தக் கடனுக்குக் காப்புறுதி கிடைப்பது கடினம். வேலைக்கான பணத்தில் பெரும்பங்கு கைக்காசாகவோ, கூடிய வட்டிக்கு எடுக்கும் கடன் வசதியாகவோதான் வர வேண்டும். வேலை நடக்கும் மாதங்களில் வேறிடத்து வாடகையும் இந்த வீட்டுக் கடனும் ஒன்றாக ஓடும். இங்கேதான் குடும்பங்கள் மூச்சுத் திணறுகின்றன.

அனுமதி விவகாரம் மக்கள் பயப்படும் அளவுக்கு மோசமில்லை. பாதுகாப்பு வட்டாரத்துச் சட்டம் பொதுவாக வீட்டின் வெளிப்புறத்தைத்தான், அதிலும் தெருவிலிருந்து தெரியும் பகுதியைத்தான், கண்காணிக்கிறது. சமையலறையை எங்கே வைப்பது என்று மாநகர சபை கேட்காது. முகப்பு யன்னலை மாற்றுவது, செங்கல்லுக்கு வர்ணம் பூசுவது, முகட்டு மரவேலையைக் கழற்றுவது போன்றவற்றுக்கு அனுமதி வேண்டும். முறையான விண்ணப்பம் கிடைத்த 90 நாட்களுக்குள் சபை முடிவு சொல்ல வேண்டும். சிறு வேலைகள் பெரும்பாலும் அலுவலர் மட்டத்திலேயே முடிந்துவிடும். வீடு வட்டாரத்தோடு மட்டுமன்றித் தனியாகவும் மரபுரிமைச் சொத்தாக அறிவிக்கப்பட்டிருந்தால் உட்புறக் கூறுகளும் அதில் அடங்கலாம் என்பதால், அந்த அறிவிப்பை முதலில் வாசியுங்கள். அனுமதியின்றி மாற்றினால் தனிநபருக்கு 50,000 டொலர் வரையும், இடித்தால் 10 இலட்சம் டொலர் வரையும் தண்டம் விதிக்கலாம்.

மாநகரின் மரபுரிமை நன்கொடைத் திட்டம் தகுதியான பாதுகாப்பு வேலைகளுக்குச் செலவில் பாதி வரை தரக்கூடும். கூரை, செங்கல், மரயன்னல் போன்ற வெளி வேலைகளுக்கே இது பொருந்தும். வேலையைத் தொடங்குவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். சொத்து வரியிலும் கழிவு கிடைக்கும் என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். ரொறன்ரோவில் அந்தக் கழிவு இப்போது வணிக, தொழிற் கட்டடங்களுக்கு மட்டுமே.

கணக்கில் வராத செலவுகள் நிலத்துக்குக் கீழேதான் இருக்கின்றன. இந்த வீடுகளில் பல, பக்கத்து வீட்டோடு ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்கின்றன. நிலக்கீழ் அறையின் கூரை உயரம் போதாது, ஆழப்படுத்தி வாடகைக்கு விடலாம் என்று நினைத்தால், அத்திவாரத்துக்குக் கீழே பகுதி பகுதியாகத் தோண்டிக் கொங்கிறீற் போட வேண்டும். அதற்குப் பொறியியலாளரின் வரைபடமும் கட்டட அனுமதியும் அயலவரின் எழுத்துமூலச் சம்மதமும் தேவைப்படும். அயலவரோடு வேலிச் சண்டை இருக்கும் வீட்டில் இந்தத் திட்டம் முதல் நாளே செத்துவிடும். சுவரின் உட்பக்கத்தில் வெப்பக்காப்புப் பஞ்சை அளவுக்கு மீறி அடைப்பதும் ஆபத்தானது. வீட்டுச் சூட்டில் உலர்ந்துகொண்டிருந்த செங்கல் குளிர்ந்து, நீர் உறைந்து உடையத் தொடங்கும். பரணுக்குப் பஞ்சு போடுங்கள், காற்றுப் புகும் இடுக்குகளை அடையுங்கள், மரயன்னலைச் செப்பனிட்டு வெளியே இரண்டாவது கண்ணாடிச் சட்டம் பொருத்துங்கள். சுவரில் கைவைப்பதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வழியின் உண்மையான ஆதாயம் பணத்தில் இல்லை. சுவருக்குள் என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும், சாந்தைக் கலந்தவரின் முகமும் தெரியும், கோப்பு உங்கள் கையில் இருக்கும். பிறகு விற்கும் நாளில் நான் மேலே சொன்ன கூடுதல் விலையைக் கேட்கும் உரிமையும் உங்களுக்கு வரும்.

மூன்றாவது: பழைய சாயலில் புது வீடு

மார்க்கத்தின் கிழக்கே இருக்கும் கோர்னெல், 1990களின் இறுதியிலிருந்து கட்டப்பட்டுவரும் குடியிருப்பு. முன்திண்ணை, கூரான முகடு, தெருவை ஒட்டிய வாசல், வாகனக் கொட்டகை பின் ஒழுங்கையில் என்று விக்டோரியத் தெருவின் அமைப்பையே புதிதாக வரைந்து கட்டினார்கள். நம்மவர்கள் அங்கே நிறையப் பேர். கபேஜ்டவுனின் உருவம் பிடித்து, அதன் உடம்புக்கு அஞ்சுகிறவர்களுக்கு இது பொய்யான தேர்வு அல்ல என்றே நினைக்கிறேன்.

அங்கே நில மாற்று வரி ஒரு முறைதான். கட்டியவரிடமிருந்து நேராக வாங்கினால் ஒன்ராறியோவின் புது வீட்டு உத்தரவாதம் உண்டு: வேலைப்பாட்டுக் குறைகளுக்கு ஓராண்டு; நீர்க்கசிவு, மின்சாரம், குழாய், சூடேற்றும் அமைப்பு ஆகியவற்றுக்கு இரண்டு ஆண்டுகள்; பெரிய கட்டமைப்புக் குறைகளுக்கு ஏழு ஆண்டுகள். நிலத்தளத்தில் கழிவறை, இரட்டைக் கார் நிறுத்தம், அகலமான படி. அம்மாவுக்கு முழங்கால் வலி என்றால், கபேஜ்டவுன் வீட்டின் செங்குத்தான ஒடுங்கிய படிக்கட்டையும் அதன் உச்சியில் இருக்கும் ஒரே குளியலறையையும் நினைத்துப் பாருங்கள். மற்ற அளவுகோல்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மறைந்த செலவு இங்கும் உண்டு. சாவி கைமாறும் நாளில் கட்டுநர் சேர்க்கும் இணைப்புக் கட்டணங்களுக்கும் அபிவிருத்திக் கட்டண உயர்வுக்கும் ஒப்பந்தத்தில் உச்சவரம்பு எழுதப்படாவிட்டால், ஆயிரக்கணக்கில் போகும். குடியேறும் தேதி தள்ளிப்போவதும் வழக்கம்தான். செங்கல்லாகத் தெரிவது மரச்சட்டத்துக்கு மேல் போர்த்திய ஒற்றை அடுக்கு. அடைத்து வரும் இரட்டைக் கண்ணாடிக்குள் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் பனிமூட்டம் படிந்தால் அந்தக் கண்ணாடியையே மாற்ற வேண்டும். 1885இல் செய்த பைன் மரயன்னலை ஒரு நல்ல தச்சர் கழற்றிச் செப்பனிட்டுவிடுவார். நகர மையத்தில் வேலை என்றால் பயணம் இன்னொரு செலவு. கபேஜ்டவுனில் கார்ல்டன் ட்ராம் வாசலில் நிற்கும்; கோர்னெலில் இருந்து ரயில் நிலையத்துக்கே பஸ்ஸோ காரோ வேண்டும்.

ஒரே பார்வையில்

| அளவுகோல் | மீட்டெடுத்தது | மீட்க வேண்டியது | கோர்னெல் புது வீடு |
|---|---|---|---|
| நில மாற்று வரி | இரண்டு முறை, முழு விலைக்கு | இரண்டு முறை, குறைந்த விலைக்கு | ஒரு முறை |
| எச்எஸ்டி | பொதுவாக இல்லை | வேலைக் கணக்கில் 13 வீதம் | பெரும்பாலும் விலைக்குள் |
| கைக்காசு நெருக்கடி | முற்பணத்தில் | வேலை முடியும்வரை | சாவி வாங்கும் நாளில் |
| சுவருக்குள் இருப்பது | கோப்பு இருந்தால் தெரியும் | திறந்த பின் தெரியும் | உத்தரவாதத்தின் கீழ் |
| முகப்பை மாற்ற | மரபுரிமை அனுமதி | மரபுரிமை அனுமதி | மரபுரிமைக் கட்டுப்பாடு இல்லை |
| கார் நிறுத்தம் | பெரும்பாலும் தெருவில் | பெரும்பாலும் தெருவில் | பின் ஒழுங்கைக் கொட்டகை |

யாருக்கு எது

இருவரும் நகர மையத்தில் வேலை செய்து, சேமிப்பு முற்பணத்தோடு தீர்ந்துவிடும் நிலையில் இருந்தால், கோப்போடு வரும் மீட்டெடுத்த வீடே சரி. கோப்பு கிடைக்கும்வரை காத்திருங்கள். மாதம் கடந்தாலும் பரவாயில்லை. ஒருவராவது பகலில் நேரம் ஒதுக்கக்கூடியவராகவும், வேலைச் செலவுக்கு மேல் நான்கில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைக்கக்கூடியவராகவும், தங்க இன்னொரு இடம் உள்ளவராகவும் இருந்தால், மீட்க வேண்டிய வீட்டுக்குப் போகலாம். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் நான் போகமாட்டேன். பெற்றோரோடு ஒரே கூரையின் கீழ் இருக்கப்போகிறவர்களும், நிலக்கீழ் வாடகை இல்லாமல் கடனைக் கட்ட முடியாதவர்களும் மார்க்கத்தைப் பார்ப்பது நல்லது. நிலக்கீழ் அறையை முறைப்படி வாடகைக்கு விடப் போதிய கூரை உயரம் விக்டோரிய வீடுகளில் கிடைப்பது அபூர்வம்.

அந்தத் தம்பதி நவம்பரில் பார்த்த வீட்டுக்குக் கேட்ட விலையைக் கொடுக்கவில்லை. மின்கம்பி முழுவதையும் மாற்றுவதற்கும், நிலக்கீழ்ச் சுவரின் பலகையைக் கழற்றிக் கற்சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்து வைப்பதற்கும் இரண்டு ஒப்பந்தகாரரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கி, அந்தத் தொகையைக் கழித்து விலை சொன்னார்கள். விற்பவர் மறுத்தார். ஆறு வாரம் கழித்து அவருடைய தரகரே தொலைபேசியில் அழைத்து, அந்த மதிப்பீட்டின் பிரதி ஒன்று தர முடியுமா என்று கேட்டார்.